கண்ணாடியில் மூன்று தட்டு

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில்.

நான் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். வார்ப்பு அலுமினியத்தில் பம்பு மூடிகள் கடைகிற வேலை. என் கணவர் பிரபுவும் இங்கேதான் இருந்தார். இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் மெஷின் கதவின் கண்ணாடியில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் உலோகத்தைச் சீவும் டூல் மழுங்கிவிட்டது, நிறுத்து. மூன்று தட்டு என்றால் சாப்பிட வா. தூக்குவாளியை எனக்காகத் திறக்காமல் வைத்திருப்பார்.

ஆடியில், டேங்கில் என் பெயர் எழுதிய பைக்கில் போனவர் திரும்பவில்லை. வருவார் என்றுதான் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புது வார்ப்புகள் வந்தன. முதல் மூடியிலேயே சத்தம் கரகரத்தது. டூலைக் கழற்றிப் பார்த்தேன். புதுசு. ஆனால் முனை தேய்ந்து, அலுமினியம் அப்பிக் கிடந்தது. மாற்றினேன். அதுவும் போனது.

"என்ன தாயி, டூலக் கடிச்சுத் திங்கிறியா?" என்றார் முதலாளி குருநாதன்.

"வார்ப்புல கோளாறுண்ணே."

"வார்த்துக் குடுத்த சோணைமுத்துகிட்டக் கேளு. சாப்பிட்டு வாரேன்."

போய்விட்டார். பட்டறையில் நான் மட்டும். வேறு டூல் போட்டு, கதவைச் சாத்தி ஓட்டினேன்.

டக்... டக்.

நிறுத்தினேன். பின்னால் யாருமில்லை. டூல் மழுங்கியிருந்தது.

மாற்றினேன். ஓட்டினேன்.

டக்... டக்... டக்.

மணி ஒன்று.

கண்ணாடியில் விரல் தடம்.

துடைத்தேன். போகவில்லை.

அது... உள்பக்கம்.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. மெஷினை அணைத்துவிட்டு சோணைமுத்துவுக்குப் போன் போட்டேன். தேவிபட்டினத்தில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பவர். என்னைப் பார்த்ததில்லை.

"டூல் நிக்காமத் தேயுது. இந்தத் தடவை என்னத்த உருக்குனீங்க?"

"பைக் இன்ஜின்தாங்க. திருப்பாலைக்குடிக் கடல்ல வலையில மாட்டுச்சாம். எடைக்குப் போட்டுட்டாய்ங்க. மணலு கலந்திருக்கும்."

"ஆளு?"

"வண்டி மட்டும்தான். டேங்க்ல பொம்பளப் பேரு எழுதியிருந்துச்சு. ஜெயசுதான்னு. ஆமா... நீங்க யாரு பேசுறது?"

போனை வைத்துவிட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வார்ப்பில் மீதி மூடிகள் மூலையில் பெட்டியில் கிடக்கின்றன. நான் தொடவில்லை. மெஷினும் ஓடவில்லை.

ஆனாலும் மதியம் ஆனால்... பெட்டிக்குள்ளிருந்து...

மூன்று தட்டு.