அட்டையில் இல்லாத பெயர்

போன வெள்ளிக்கிழமை எங்கள் காஞ்சிபுரம் கோர்ட்டில் ஒரு காட்சி. நீதிபதி அம்மாள் ஜக்கார்டு அட்டைக் கட்டு ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். ஆமாம்... புடவை டிசைனுக்காக ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே தொங்கவிடுவார்களே, அதே அட்டைதான்.

ஓட்டையையா படித்தார்? இல்லை. அட்டையின் முதுகில் இருந்த பாட்டை!

எழுதியது எங்கள் தெரு சரோஜா அக்கா. பட்டு நெய்பவர். கை தறியில் இருக்கும், வாய் மாரியம்மனோடு பேசிக்கொண்டிருக்கும். தோன்றுவதை, டிசைன் முடிந்து கழித்த அட்டைகளின் பின்பக்கம் எழுதிவிடுவார். ஓட்டை வரும் இடத்தில் எழுத்து ஒரு குதி குதித்துத் தாண்டும். முடித்ததும், தறிக்குக் கோப்பது போலவே வரிசையாகக் கயிறு போட்டுக் கோத்துவிடுவார்.

முதல் அட்டையில் எப்போதும் 'அம்மன் துணை'. அவர் பெயர்? எங்கும் கிடையாது. கேட்டால், "அம்மா பாட்டுல நா எதுக்குப்பா நடுவுல?" என்பார்.

அங்கேதான் வந்தது வினை.

ஒரு ஆடியோ கம்பெனி வந்தது. அக்கா பாடிக் காட்டினார். பெயர் போடுகிறோம், ராயல்டி தருகிறோம் என்று வாயால் சொன்னார்கள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பேப்பர்? பட்டுக்காரர்கள் தெருவில் வெற்றிலைக்கு மேல் என்ன பேப்பர்!

அடுத்த ஆடி மாதம் ஊரெல்லாம் அந்தப் பாட்டு. ஸ்பீக்கரில், பஸ்ஸில், செல்போனில். கீழே போட்டிருந்தது - 'நாட்டுப்புறப் பாடல்'. போன் செய்து கேட்டதற்கு, "இது காலங்காலமா இருக்கற பாட்டும்மா. இதுக்கு யாருக்கு ராயல்டி தர்றது?" என்றார்கள்.

அக்கா அழுதே விட்டார். "துட்டு போனா போவுதுபா. நா எழுதினத யாருமே எழுதலன்னு சொல்றாங்களே... அத எப்படி தாங்கறது?"

இந்த இடத்தில் அதிமேதாவியான நான் நுழைந்தேன். நம்மூர்க்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் - மனு! எழுதிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போனோம். அங்கிருந்து கைத்தறித் துறை. 'இது பாட்டாச்சே, புடவை இல்லையே' என்று அவர்கள் கலைத்துறைக்குத் தள்ளினார்கள். கலைத்துறையினர் டெல்லிக்குக் கை காட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது: பதிப்புரிமைப் புகாருக்கென்று இருந்த வாரியத்தையே கலைத்தாயிற்று, கோர்ட்டுக்குப் போங்கள்!

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

பிறகுதான் வக்கீல் நஸ்ரீனைப் பிடித்தோம். சின்ன வயசு, பேச்சில் பட்டாசு. "ஏன் சார் இத்தினி நாளா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுக்கினு இருந்தீங்க? எழுதினவங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம். கம்பெனிதான் சென்னைலேர்ந்து பஸ் ஏறி வரணும்."

"கேஸுன்னா தறிய விக்கணுமேம்மா?" என்றார் அக்கா.

"தறிய வுடுங்கக்கா. அட்டைய எடுத்துக்கினு வாங்க."

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். கம்பெனி வக்கீல் கம்பீரமாக எழுந்தார். இது வாய்வழி வந்த பாட்டு, அட்டையில்கூட அந்த அம்மாள் பெயர் இல்லையே என்றார். அவர் சொன்னது உண்மைதானே!

நீதிபதி அட்டைகளைத் திருப்பிக்கொண்டே போனார். நாலாவது அட்டையில் ஒரு வரி மூன்று முறை அடிக்கப்பட்டிருந்தது. ஏழாவதில் ஒரு சொல்லை மாற்றி, மாற்றியதையும் அடித்து, பழையதையே திரும்ப எழுதியிருந்தார் அக்கா. நீதிபதி நிமிர்ந்து கம்பெனி வக்கீலைப் பார்த்தார்.

"யாருமே எழுதாத பாட்டுல இவ்ளோ அடித்தல் திருத்தல் எப்படி வந்துது?"

கம்பெனி வக்கீல் தண்ணீர் குடித்தார்.

வழக்கு முடிகிறவரை பாட்டுக்குக் கீழே சரோஜா அக்காவின் பெயரைப் போட வேண்டும், அவர் பங்கைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு ஆகியிருக்கிறது. முழு வெற்றியா? இல்லை. வாய்தா இன்னும் எத்தனை வருமோ, தெரியாது. கோர்ட்டும் ஒன்றும் ரயில் வேகத்தில் போகிற இடமில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். நாங்கள் ஏறி இறங்கிய ஒவ்வொரு ஆபீஸிலும், இது எந்தத் துறை என்றுதான் கேட்டார்கள். கோர்ட்டில்தான் முதன்முதலாக, என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒருவர் அந்த அட்டைகளைக் கையில் எடுத்துப் படிக்கவும் செய்தார். பாதி நியாயம் அப்போதே கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். புதுப் பாட்டு ஒன்று தயார், கோத்தும் வைத்திருந்தார். முதல் அட்டையைத் திருப்பினேன். 'எழுதியது: சரோஜா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அம்மன் இரண்டாவது அட்டைக்குப் போயிருந்தாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!