தழை கிடக்காத வழி

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி செல்லம்மாளும் காளிகேசம் போனோம். காரணம் பக்தி என்று எழுத ஆசைதான். உண்மையான காரணம் என் டைபாய்டு. ஐப்பசியில் நான் நினைவின்றிக் கிடந்தபோது, எழுந்து நடந்தால் ஒரு வெண்கல மணி கட்டுவதாகச் செல்லம்மாள் அந்தக் காளியிடம் பேசி முடித்திருக்கிறாள். என்னைக் கேட்காமல் என் பேரில் செய்த ஒப்பந்தம். ஆனாலும் எதிர்த்தரப்பு தன் பங்கை நிறைவேற்றிவிட்டதால் எங்களுக்கு வேறு வழியில்லை.

இடம் தெரியாதவர்களுக்கு: காளிகேசம் கீரிப்பாறைக்கு மேலே, காட்டுக்குள், ஓடைக்கரையில் இருக்கும் சிறு கோயில். நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்படும் முதல் பஸ் தடிக்காரன்கோணம் வரை போகும். ஆளுக்கு ஆறணா. இன்னும் பழைய திருவிதாங்கூர்ச் சக்கரத்தில் கணக்குப் போடும் பெரியவர்கள் கண்டக்டரிடம் வழக்காடுவதைக் கேட்டுக்கொண்டே போனால் பதினொரு மைல் தெரியாது. பிறகு சுமார் ஐந்து மைல் நடை. முதல் பாதி மாட்டுவண்டிப் பாதை, பின்பாதி காடு.

எங்கள் பஸ்ஸிலேயே ஒரு வாசகசாலையின் உல்லாசப் பயணக் குழுவும் வந்தது. பதினொரு பேர். வெயில் தொப்பி வைத்திருந்த தலைவரை எல்லோரும் தங்கசாமி அண்ணாச்சி என்று அழைத்தார்கள். அவர்களிடம் ஒரு கூடை ஆரஞ்சு, ஒரு கட்டுச்சோற்று மூட்டை, ஒரு கிராமபோன், ஒரே ஒரு இசைத்தட்டு இருந்தன. மற்ற தட்டுகள் பஸ் குலுக்கலில் உடைந்துவிட்டன. மிஞ்சியது ஒன்றுதான் என்பதால் அதை ஓயவிடாமல் வைத்தார்கள்.

மலைப்பாதையில் இவர்களுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி விரிவாகவே எழுதலாம். ஒருவர் போகும் தடத்தில் நான்கு பேர் கைகோத்துப் போவார்கள். விலகச் சொன்னால் நின்று, திரும்பி, ஏன் என்று கேட்பார்கள். முதல் ஓடையில் நாங்கள் கைகளைக் குவித்துத் தண்ணீர் குடிக்கும்போது பத்தடி மேலே நின்று ஒருவர் வாய் கொப்பளித்தார். இன்னொருவர் பாறையில் தன் பெயரைக் கத்தியால் செதுக்கி, எழுத்துப்பிழையைத் திருத்த மேலும் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். இடையிடையே இந்த மலை தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டுமா என்று சண்டை. மலையைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதில் அபிப்பிராயம் இருந்தது.

கீரிப்பாறையில் காட்டுக்குள் நுழையும் முன் ஒரு சாயாக்கடை உண்டு. சாயா ஓரணா, நன்றாகவே இருக்கும். குழுவினர் அங்கேயும் கிராமபோனைப் பெஞ்சில் ஏற்றிச் சாவி கொடுத்தார்கள். கடைக்காரி எங்களிடம் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. செல்லம்மாள் காதை அருகே கொண்டுபோனாள்.

"ரெண்டாம் ஓடை தாண்டினா வழி ரெண்டாப் பிரியும். ஒண்ணுல பச்சைத் தழை வெட்டிக் குறுக்க போட்டிருக்கும். அங்கிண போவாண்டாம், கேட்டியளா?"

"ஏன், என்ன உண்டு?"

"வாரிக்குழியாக்கும்."

வாரிக்குழி என்பது யானை பிடிக்கத் தோண்டும் குழி. இரண்டாள் ஆழம் இருக்கும். மேலே ஈற்றை என்கிற மெல்லிய மலைமூங்கில் கம்புகளைப் பரப்பி, தழை போட்டு, மண் தூவி, சருகும் இட்டுவிட்டால் பாதைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அதன் தொழில்.

"வலதா, இடதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் கோயிலுக்குத்தான் போவும். யானை வார போக்கப் பாத்து ஒருநாளு இங்க மூடுவாவ, ஒருநாளு அங்க மூடுவாவ. நீங்க தழையப் பாத்துப் போங்க. தழை கெடந்தா திரும்பிரணும், அவ்வளவுதான்."

தலைவரிடமும் அதையே உரக்கச் சொன்னாள். அவர் பாட்டுக்குத் தலையாட்டினார். அவளுக்குத் தலையாட்டியதாக நாங்கள் நினைத்தோம்.

காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதனால் குழு எங்களை முந்திப் போயிற்று. அமைதி கிடைத்ததே என்று இருந்தது. செல்லம்மாள் முன்னே நடந்தாள். மணி ஒலிக்காமல் இருக்க நாக்கில் துணி சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். கோயிலில்தான் அது முதல் தடவை ஒலிக்க வேண்டுமாம். இரண்டாம் ஓடையைத் தாண்டினோம். வழி இரண்டாகப் பிரிந்தது.

எதிலும் தழை இல்லை.

இரண்டு பாதைகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தன. வலப்பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பி மறைந்தது. இடப்பாதை நேராக ஈற்றைக்காட்டுக்குள் போனது. அதன் தொடக்கத்தில் ஆரஞ்சுத்தோல் கிடந்தது. நாலடி தள்ளி இன்னொன்று. கிராமபோன் பாட்டும் இடப்பக்கத்திலிருந்துதான் கேட்டது.

"இன்னைக்கு குழி மூடலியோ என்னமோ," என்றாள் செல்லம்மாள்.

"மூடியிருந்தா தழை கெடக்குமே."

"அவ்வோ போன வழியே போவோம். பதினோரு பேரும் அந்தப் பெட்டியும் போயிருக்கு. தாங்காமலா இருக்கும்?"

இதைவிடத் திடமான தர்க்கத்தை நான் சட்டப் புத்தகங்களிலும் படித்ததில்லை. இடப்பக்கம் நடந்தோம்.

ஈற்றைக்காடு இருபுறமும் தலைக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தைப் பச்சையாக்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சுத்தோல் நின்றுவிட்டது. மேலும் கொஞ்ச தூரத்தில் பாட்டும் நின்றது. காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருந்த நிசப்தம் இதுதான். வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு பேர் ஒரே சமயத்தில் வாயை மூட என்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். யோசித்ததில் ஒன்றும் நல்லதாக இல்லை.

பாதையோரம் யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் நடந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பனியில் நனைந்த மண்ணில் செல்லம்மாளின் காலடி ஒவ்வொன்றாகத் தெளிவாகப் பதிந்திருந்தது. வேறு காலடி ஒன்றுகூட இல்லை.

பதினொரு பேரும் இந்த வழியில் வரவேயில்லை.

"ஏட்டி, நில்லு," என்றேன்.

அவள் நின்றாள். திரும்ப ஒரு காலை எடுத்து வைத்தாள். அந்தக் கால் தரைக்குள் போயிற்று.

விழுந்ததாகச் சொல்ல முடியாது. பாதை அவளைத் தொடைவரை விழுங்கிவிட்டு, மீதியை யோசித்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் முன்னால் சருகில் ஊன்றியிருந்தன. கம்புகள் ஒவ்வொன்றாக முறியும் சத்தம் கேட்டது. இடுப்பிலிருந்த மணி நழுவி ஓட்டைக்குள் போனது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருந்தோம். துணி சுற்றிய மணி கீழே விழுந்து சேர்ந்த சத்தம், விழுந்து சேர வேண்டிய நேரத்தைவிட வெகு பின்னால் கேட்டது.

"அசையாதே," என்றேன்.

"அசையல்ல. நீங்க கிட்ட வராதீங்கோ."

"வராம?"

"ரெண்டுபேரும் போனா பிள்ளைகளுக்கு யாரு?"

நான் படுத்தேன். தோளில் கிடந்த நேரியலை முறுக்கி அவளை நோக்கி எறிந்தேன். முதல் தடவை எட்டவில்லை. வயிற்றால் ஒரு முழம் நகர்ந்தேன். என் கீழே தரை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் ஈற்றைக்குள், இடப்பக்கம், ஏதோ முறிந்தது. கம்பு முறிவது போல இல்லை. பொறுமையாக, வேண்டியதை மட்டும் முறிப்பது போல இருந்தது. பிறகு ஒரு தாழ்ந்த உறுமல். காதால் கேட்டதைவிட நெஞ்செலும்பால் கேட்டதே அதிகம். யானையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை பயம் அளவோடு இருந்திருக்கும்.

கத்தினால் யானை வரும். ஓடினால் குழி. எனவே மிக மெதுவாக இழுத்தேன். செல்லம்மாள் வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு, பல்லி மாதிரி மார்போடு தரையில் ஒட்டி வந்தாள். முழங்காலிலிருந்து கீழே ரத்தம்.

அப்போது கிராமபோன் மறுபடியும் பாட ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னாலிருந்து அல்ல; பின்னாலிருந்து, வலப்பக்கத்துப் பாறைக்கு அப்பாலிருந்து. முதலில் கேட்டது எதிரொலி. ஈற்றைக்குள் முறியும் சத்தம் நின்றது. யானை பாட்டைக் கேட்டு ஓடிற்றா, ரசிப்பதற்காக நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் எங்கள் காலடிகளிலேயே திரும்பக் கால் வைத்து, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தோம்.

பாறையைச் சுற்றினால் இருபதடியில் குழு உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தது. தலைவர் பச்சைத் தழைக்குவியல் ஒன்றின்மேல் சௌகரியமாக அமர்ந்திருந்தார். வெட்டுவாயில் பால் இன்னும் காயவில்லை.

"இந்தத் தழை எங்க கெடந்தது, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அந்த வழியில குறுக்க கெடந்தது. நம்ம ஆளுகளுக்கு ஒரு பொறுப்பு கெடையாது பாருங்க. போற வழியில வெட்டிப் போட்டிருக்கான். நாமதான் எடுத்து மாத்தினோம்." பெருமையாகச் சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சை உரித்தார். தோலை என் தலைக்கு மேலாக இடப்பாதையை நோக்கி வீசினார். நல்ல குறி.

குழியைப் பற்றிச் சொன்னேன். ஓர் இளைஞர் எழுந்தார்.

"வாரிக்குழியா? நான் கண்டதே இல்ல. அண்ணாச்சி, ஒருதடவ பாத்துட்டு வருவோமா?"

தலைவர் உட்பட நான்கைந்து பேர் எழுந்தார்கள். ஒருவர் கிராமபோனையும் தூக்கினார். எனக்கு அதுவரை வந்த பயமெல்லாம் ஒத்திகை என்று அப்போது தெரிந்தது. ஒருத்திக்காகப் பயப்பட்டவன் இனி பதினொரு பேருக்காகப் பயப்பட வேண்டும். அதிலும் எனக்குப் பிடிக்காத பதினொரு பேர்.

செல்லம்மாள், தலைவர் எழுந்த இடத்திலிருந்த தழையை இழுத்துக்கொண்டு நொண்டி நடந்தாள். இடப்பாதையின் வாயில் குறுக்கே போட்டாள். அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தழையை மட்டும் நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது.

"என்ன ஓய், வழிய மறிச்சு இருக்கேரு?" என்றார் தலைவர்.

"அங்க போவ முடியாது."

"வழி என்ன உம்ம சொத்தா? நாலுபேரு வந்துபோற எடத்துல குப்பையும் போட்டு, குறுக்கயும் இருந்தா எப்படி? ஒரு மரியாத வேண்டாமா?"

செல்லம்மாள் சேலை விளிம்பை ஒரு சாண் விலக்கிக் காலைக் காட்டினாள். கெண்டைக்காலில் தோல் சுருண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது தொடைவரைக்கும் போனது. மிச்சம் போயிருந்தா நீங்க இப்பம் எனக்கு மரியாதை படிச்சுத் தர மாட்டீங்க. இருங்க. சோத்தத் தின்னுங்க."

ஈற்றைக்காட்டுக்குள் அந்த உறுமல் மறுபடி கேட்டது. இந்தமுறை எல்லோருக்கும் கேட்டது. கிராமபோனைத் தூக்கியவர் அதை மெதுவாகக் கீழே வைத்து, தானாகவே முள்ளை எடுத்தார். மலைக்குப் போனதிலிருந்து அவர்கள் செய்த முதல் நல்ல காரியம். கால்மணி நேரத்தில் பதினொரு பேரும், வலப்பாதையில் கோயிலுக்குப் போகாமல், வந்த வழியே இறங்கிப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக.

நாங்கள் இறங்கவில்லை. மேலே வேறு யாராவது வந்தால்? மதியம் தாண்டி, குழி மூடுகிற ஆட்கள் இருவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர்கள் முறிந்த குழியைப் பார்த்துவிட்டு வந்து, வேலை இரட்டித்ததற்காக எங்களையே முறைத்தார்கள். கோயிலுக்குப் போகவில்லை. மணியை எடுத்துத் தருகிறோம் என்றார்கள். செல்லம்மாள் வேண்டாம் என்றாள்.

"காளிக்குக் கொடுத்தாச்சு. எங்கிண கெடக்குண்ணு அவளுக்குத் தெரியும்."

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பஸ்ஸில் போங்கள். தடிக்காரன்கோணத்திலிருந்து கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு, அதுவும் கண்டக்டருக்கு மனமிருந்தால். சாயாக்கடையில் யார் பேசினாலும் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முன்னால் போனவர்கள் எறிந்த தோலை வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள். எறிந்த இடத்துக்கும் போன இடத்துக்கும் சம்பந்தமில்லை. மண்ணில் காலடி இருக்கிறதா என்று பாருங்கள். பாதையில் பச்சைத் தழை கிடந்தால் அதை எடுக்காதீர்கள், அதன்மேல் உட்காராதீர்கள். பிரிவில் தழையே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். காளி கோபிக்க மாட்டாள்.

செல்லம்மாளின் கால் ஆறிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் காற்றுக்கு ஒரு வேப்பங்கொத்து விழுந்தால் இப்போதும் அதைத் தாண்டி நடப்பதில்லை. அடுக்களை வழியாகச் சுற்றிப் போகிறாள். நான் சிரிப்பதில்லை, அவளுக்குப் பின்னால், அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, நானும் சுற்றிப் போகிறேன்.