வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் மூன்று கொடிகள்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு என்னை மலைமேல் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவுக்கு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் ஊரான ராஜபாளையத்தில் ரோட்டுத் தார் இளகிக் காலில் ஒட்டுகிற சித்திரை மாதத்தில்கூட அங்கே காலை ஒன்பது மணிக்குப் பல் கிட்டிக்கொள்ளும்.

முந்தின வருஷம் வரைக்கும் அழுது அடம்பிடித்துப் போன இடம்தான். அந்த வருஷம் போக மாட்டேன் என்று அழுதேன். என்னைவிட இரண்டு வயது சின்னவளான அத்தை மகள், ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஜீப் பாதையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனதால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துசேருமுன்பே இறந்துபோயிருந்தாள். செத்துப்போனவளுடைய போர்வையைத்தான் எனக்குத் தருவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதையேதான் தந்தார்கள்.

அப்பா கிளம்பும்போது ஜீப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குனிந்தார்.

"அத்தையக் கண்ணு மறைய விட்டுராத, பாப்பா. எங்க போனாலும் சேலையப் பிடிச்சுக்கிட்டே போ."

மலையில் கரடி இருப்பது எனக்குத் தெரியும். கரடியிடமிருந்து அத்தையை நான்தான் காப்பாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையை நம்பி இப்படி ஒரு வேலையைத் தருகிறார்களே என்று பயந்துகொண்டே போய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை அதிகம் பேசவில்லை. அவளிடம் ஒரு பவுடர் டப்பா இருந்தது. அதற்குள் முலாம்பழ விதைகள். முந்தின ஆடியில் தேரோட்டம் பார்க்கக் கீழே வந்தபோது, கைக்குள் அடங்குகிற சின்ன ரகப் பழம் ஒன்று வாங்கித் தின்றோம். விதைகளை ஒன்றுவிடாமல் கழுவிக் காயவைத்து எடுத்துப்போனவள் அத்தை மகள்தான். வீட்டுக்குப் பக்கத்தில் போட்டு முளைக்கவைக்கப் போகிறேன் என்று எங்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். மலைக் குளிருக்கு முலாம்பழம் வராது என்று மாமா சிரித்தாராம். இப்போது அந்த விதைகளை அத்தை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வருவதற்கு முன் மண்ணில் நேராக ஊன்றிய பாதி விதை அழுகிவிட்டிருந்தது.

மீதியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டாள். ஈரத்துணியில் முடிந்து, அந்த முடிச்சைச் சேலைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டாள். மூன்று நாள் அதை அவிழ்க்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போதும் ஒரு கை அடிவயிற்றின்மேல் இருக்கும். சில நேரம் அந்த முடிச்சோடு மெதுவாகப் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தைக்குள் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நம்பினேன். மாமா வேலைக்குப் போனதும் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

நாலாம் நாள் முடிச்சை அவிழ்த்தபோது வெள்ளை வேர் நீட்டியிருந்தது. ஏலநாற்றுப் போடுகிற பாலித்தீன் பைகளில் ஒவ்வொன்றாக வைத்தாள். பகலில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்த்திக்கொண்டே இருப்பாள். பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் அடுப்படிக்குள் கொண்டுவந்துவிடுவாள்.

இதற்கிடையில் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். ஊறப்போடுவதற்கு முன்பே டப்பாவிலிருந்து மூன்று விதைகளை எடுத்துவிட்டேன். எனக்கே எனக்கென்று ஒரு பழம் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அடுப்புச் சுவரை ஒட்டி, கூரைச் சரிவுக்குக் கீழே, விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் ஆள் கண் படாத மூலையில் ஊன்றினேன். மூன்றும் முளைத்தன. அத்தையின் நாற்றுகள் இரண்டிலை விட்டு முடங்கி நிற்க, என்னுடையவை நாலு இலை விட்டுக் கொடி வீசின. காலையும் மாலையும் எரிகிற அடுப்பின் சூடு அந்தச் சுவரில் ஆறாமல் இருந்தது என்பது அப்போது தெரியாது. செத்தவள் கோபப்பட்டுத்தான் இப்படி வேகமாக வளர்க்கிறாள், விறகுக்கு மேலே தலையைக் காட்டி என்னைப் பிடித்துக்கொடுக்கப் போகிறாள் என்று நடுங்கினேன். பிடுங்கிப் போடவும் கை வரவில்லை. பிடுங்கினால் அவள் சும்மா விடுவாளா?

வைகாசி பிறந்து, நாற்றுகளை அத்தை பாத்திக்கு மாற்றியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் வானம் இருட்டி ஆலங்கட்டி மழை கொட்டியது. கால்மணி நேரம்கூட இருக்காது. ஓய்ந்ததும் அத்தை பாத்தியில் போய் உட்கார்ந்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் அழவில்லை. எங்களுக்குச் சோறு போட்டாள். மாமா ஏதோ ஆறுதல் சொன்னார், அதற்கும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை நான் விழித்தபோது மாமா வேலைக்குப் போய்விட்டிருந்தார். அத்தையைக் காணோம். அடுப்படியிலும் இல்லை, பாத்தியிலும் இல்லை. அப்பா சொன்னது காதில் அறைந்தது. செருப்புகூடப் போடாமல், தண்ணீர் எடுக்க அத்தை போகிற ஓடைப் பாதையில் ஓடினேன். மூடுபனியில் ஒவ்வொரு புதரும் கரடியாக எழுந்து நின்றது. காலில் அட்டை ஏறியதை உதறக்கூட நிற்கவில்லை.

ஓடையில் ஆள் முங்குகிற ஆழமான இடம் ஒன்று உண்டு. கசம் என்பார்கள். பாறைமேல் அத்தையின் செருப்பு சோடியாக இருந்தது. கசத்தின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையில் கல்லைக் கட்டி இடுப்பில் செருகியிருந்தாள். பாத்திக்கு வரப்பு வைக்கக் கல் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன்.

"நீ வீட்டுக்குப் போ," என்றாள், திரும்பாமல்.

வந்த வழியே தனியாகப் போவதை நினைத்தாலே கால் வரவில்லை. நான் நகராமல் நின்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது, விதையைத் திருடியதால்தான் மழை வந்து அத்தனையையும் அழித்தது, அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அழுகை வெடித்தது.

"அத்தே, உங்க பாப்பா வெதையில மூணு நான் எடுத்துட்டேன். வெந்நீ அடுப்புக்குப் பின்னால ஊனிருக்கேன். அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."

அவள் கரைப் பக்கமாக முழுதாகத் திரும்பினாள்.

"மொளச்சுதா?"

"மூணும் கொடி ஓடிருச்சு அத்தே."

அவள் முந்தானையை அவிழ்த்தாள். கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. கரையேறி வந்து, என் காலிலிருந்த அட்டைகளைப் பிய்த்துப் போட்டாள். கை குளிர்ந்து விறைத்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. விறகுக் கட்டுகளை அவளே தூக்கி நகர்த்தினாள். கொடிகளைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி அப்போதுதான் அழுதாள். நான் அடி விழப்போகிறது என்று காத்து நின்றேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏட்டி, இன்னைக்கு நடந்தத ஒருத்தருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

பள்ளிக்கூடம் திறக்க நான் ஊருக்கு வந்துவிட்டேன். ஆடிக் கடைசியில் அத்தையும் மாமாவும் ஒரு பையோடு வந்தார்கள். ஐந்து பழங்கள், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியவை. அறுத்ததும் வீடெல்லாம் மணந்தது. அப்பா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதா என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நல்லாப் பார்த்துக்கிட்டா என்று மட்டும் சொன்னாள்.

அத்தை சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள், என் திருட்டை யாரிடமும் சொல்லவில்லை என்ற நிம்மதியில் என் பங்குப் பழத்தைத் தின்றேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்தக் கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் எங்கே வாயைத் திறந்துவிடுவேனோ என்று அவளும் பயந்துகொண்டிருந்தாள் என்பது, நானே ஒரு பிள்ளைக்குத் தாயாகும்வரை எனக்குத் தோன்றவில்லை.