ஐந்தாம் விதியை மீறியவர்

வெள்ளிக்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டு போக வேண்டிய டிஸ்க்கில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. பிரிக்பீல்ட்ஸில் புத்தகக் கடை வைத்திருக்கும் மாணிக்கம் பேசினார். எங்கள் கணினிப் பயனர் கழகத்தின் பழைய உறுப்பினர் அவர். கூட்டத்துக்கு வருவதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகின்றன.

"அண்ணே, செயலாளர் போயிட்டாருண்ணே. விடியக்காலைல. தூக்கத்துலயே."

எந்தச் செயலாளர் என்று கேட்டேன். கோலாலம்பூரில் தமிழர் சங்கங்களுக்கும் செயலாளர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நான் செயலாளர் என்று சொல்வது ஒருவரைத்தான் என்பது மாணிக்கத்துக்குத் தெரியும்.  தகனம் எப்போது என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

எங்கள் செயலாளர் திரு. அருளம்பலம் அவர்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் சில வரிகள் வந்தன. பெயர், அரசாங்க உத்தியோகத்தில் வகித்த பதவி, தகனம் நடக்கும் நேரம். கணினிப் பயனர் கழகம் என்று ஒரு சொல் அதில் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இவனுக்கு என்ன தகுதி என்று கேட்கக்கூடியவர்கள் கழகத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அலுவலகத்தில் புது மெஷின் வந்ததும் பழைய கணினியைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் லோரிக்காரரிடம் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பக்கமும் அகராதியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கழகம் இருப்பதைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தபோது, கற்றுக்கொள்ளப் போகவில்லை. எனக்குத் தெரிந்தது சரியா என்று பார்க்கத்தான் போனேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. ஒரே ஒரு கணினி. அதைச் சுற்றி இருபது பேர். கீழேயிருந்து தாளிப்பு வாசனை வந்துகொண்டேயிருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கூட்டக் குறிப்பேட்டை மடியில் வைத்தபடி ஒருவர் இருந்தார். அவர்தான் செயலாளர். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கிள்ளான்காரர், கதிரையில இரும். இனிக் கூட்டத்தைத் தொடங்கலாம்."

அன்றிலிருந்து அவருக்கு நான் கிள்ளான்காரர். காஜாங்கிலிருந்து வந்த வாத்தியார் காஜாங்காரர். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவரிடம் அப்படியே இருந்தது. முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தும் மாறவில்லை.

மாதம் ஒரு முறை நான்கு பக்கத்தில் ஒரு செய்திமடல் வரும். அதில் அவர் எழுதிய குறிப்புகள்தான் நாங்கள் வாசித்த கணினிப் பாடம். வானம் இருண்டால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, மோடத்துக்குப் போகும் டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும். நம் ஊர் இடி டெலிபோன் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது என்று எழுதினார். டிஸ்க் வைக்கும் அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டால் பூஞ்சை பிடிக்காது. கணினியை மூடியபின் டிரைவின் வாயில் ஓர் அட்டையைச் செருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லி முட்டையிடும். கடைசிக் குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த ஒருவர் தன் டிரைவுக்குள்ளிருந்து இரண்டு முட்டைகளை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கழகத்துக்கு ஏழு விதிகள் இருந்தன. எல்லாம் அவர் எழுதியவை. மூன்றாம் விதி: ஒவ்வொரு உறுப்பினரும் தம் வேலையை இரண்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை இன்னோர் உறுப்பினர் வீட்டில் வைக்க வேண்டும். தீயோ வெள்ளமோ கறையானோ ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு வராது என்பது அவர் கணக்கு. மாதக் கூட்டத்தில் புதிய நகலைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வோம். ஐந்தாம் விதி: வைத்திருப்பவர் அதைத் திறந்து பார்க்கவோ அதிலிருந்து நகல் எடுக்கவோ கூடாது. என் டிஸ்க் அவர் வீட்டில் இருந்தது. அவருடையது என் வீட்டில். சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது.

என் டிஸ்க்கில் இருந்தது நான் எழுதிக்கொண்டிருந்த புத்தகம். ஆங்கிலம் அறியாதவர் கணினி கற்க ஒரு கைந்நூல். என்னைப் போல அகராதியோடு இன்னொருவன் எட்டு மாதம் உட்காரக் கூடாது என்று எழுதினேன். வேறு பெருமை எதுவும் எனக்கு இல்லை.

அந்தக் காலத்துப் பெரிய டிஸ்க்கில் பூஞ்சை பிடித்தால் எல்லோரும் தூக்கிப் போடுவார்கள். நான் அதன் உறையை ஓரத்தில் வெட்டி, உள்ளே இருக்கும் தகட்டைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறோர் உறைக்குள் போட்டேன். டிரைவ் அதைப் படித்தது. உடனே நகல் எடுத்துக்கொண்டேன். இதைக் குறிப்பாக எழுதிச் செய்திமடலுக்குக் கொடுத்தேன்.

கூட்டத்தில் அவர் அதை வாசித்துவிட்டு, "இது எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்று கேட்டார்.

"புஸ்தகத்துல இல்ல சார். எங்க வீட்டு சிங்க்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்க்காததை அச்சிட முடியாது என்றார். நான் சோதித்தேனே என்றேன். கழகம் சோதிக்க வேண்டும் என்றார். கழகம் என்றால் யார்? பட்டம் வாங்கியவர்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் என் டிஸ்க்கைக் கேட்டேன். உட்காரச் சொன்னார். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. அறைக்குள் டிரைவ் கர் கர் என்று ஓடும் சத்தம் கேட்டது. என்னை வெளியே காக்க வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். அவருடையதை நான் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார். "என்ட உம்மட்டயே கிடக்கட்டும்" என்றார். என் புத்தகத்தின் இரண்டு நகலையும் நான் என் வீட்டு அலமாரியின் கீழறையில் ஒன்றாக வைத்தேன். மூன்றாம் விதியை அப்படி மீறினேன்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஏறியிருந்த ஒரு மதியம் மழையும் சேர்ந்துகொண்டது. கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான் வேலையிலிருந்து வருவதற்குள் அலமாரியின் கீழறை சேறாகிவிட்டது. கணினியும் போயிற்று. அவருடைய டிஸ்க் மேல் அடுக்கில் பல்பின் பக்கத்தில் இருந்ததால் தப்பியது. என்னுடைய இரண்டையும் சோப்புத் தண்ணீரில் அலசினேன். மண் தகட்டைக் கீறிவிட்டது. என் முறையில் தவறில்லை. சேறு வேறு, பூஞ்சை வேறு. ஆனால் புத்தகம் போய்விட்டது.

மூன்று மாதம் நான் கூட்டத்துக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால், நீயே கேட்டு வாங்கினாய் என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிஸ்கட் தகரம். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைப் பார்த்தார். வெறுமையாக இருந்த மேசையைப் பார்த்தார். தகரத்தைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தார். என் கைந்நூலின் பெயர் அவருடைய எழுத்தில் இருந்தது.

"நீர் கேட்டதைத் தந்தனான். வேற ஒண்டும் என்னட்ட இல்லையெண்டு நான் சொல்லேல்லை."

அந்தக் கர் கர் சத்தம் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு எவனாக இருந்தாலும் அவர் கையைப் பிடித்திருப்பான். நான் சொன்னது இது:

"வெச்சிருக்கறவங்க காப்பி எடுக்கக் கூடாது சார். அஞ்சாவது ரூல். நீங்கதான் எழுதுனீங்க."

"ஓம். பிழைதான். கூட்டத்துக்கு வந்து தீர்மானம் கொண்டு வாரும்."

போனேன். செயலாளர் ஐந்தாம் விதியை மீறியதைக் கழகம் கண்டிக்கிறது என்று முன்மொழிந்தேன். வழிமொழிய யாரும் கை தூக்கவில்லை. அவர் குறிப்பேட்டிலிருந்து தலையை உயர்த்தி, "ஆரேன் வழிமொழியுங்கோ. இல்லாட்டி அவரின்ட தீர்மானம் விழுந்திடும்" என்றார். மாணிக்கம் சங்கடத்தோடு கையைத் தூக்கினார். தன்மேல் வந்த கண்டனத்தை அவரே தன் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே ஒப்பமும் இட்டார். அடுத்த செய்திமடலில் என் சோப்புத் தண்ணீர்க் குறிப்பு என் பெயரோடு வந்தது. அதன் கீழே ஒரு வரி: 'செயலாளர் தம் டிஸ்க்கிலேயே சோதித்தார். பூஞ்சைக்கு உதவும். சேற்றுக்கு உதவாது.'

நான் நன்றி சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே வருஷங்கள் போயின.

பிறகு சின்ன டிஸ்க் வந்தது. அதற்குப் பின் சிடி வந்தது, இன்டர்நெட் வந்தது. கேள்வி கேட்க மாடி ஏற வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. இருபது பேர் பன்னிரண்டாகி, பன்னிரண்டு பேர் ஐந்தாகி, கடைசியில் அவரும் நானும் மட்டும். கூட்டம் நடத்தக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஆகவே ஒவ்வொரு முதல் ஞாயிறும் சரியாகப் பத்து மணிக்கு அவர் குறிப்பேட்டைத் திறந்து, 'வருகை இருவர். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுவார். பிறகு டிஸ்க்கை மாற்றிக்கொள்வோம். கீழே இறங்கி டீ குடிப்போம். அவருடைய மனைவி காலமாகியிருந்தார். ஒரே மகன் பெர்த்தில். எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. இதைப் பற்றியெல்லாம் நாங்கள் பேசியதில்லை. பல்பு எரிகிறதா என்று கேட்பார், எரிகிறது என்பேன்.

சென்ற மாதம் படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அப்படிப் பிடித்ததில்லை. "மழைக்காலம் வருது, கிள்ளான்காரர். சாமானை மேல எடுத்து வையும்" என்றார். அதுதான் கடைசி.

சனிக்கிழமை அவர் வீட்டில் கூட்டம் அதிகமில்லை. நான் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவருடைய மகன் என் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை. கையில் அந்தப் பிஸ்கட் தகரம் இருந்தது.

"அங்கிள், மூடியில உங்க பேரு போட்டிருக்கு. அப்பாவோட டிஸ்க் எதுவும் உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட்டுருங்க. பெர்த்ல எங்க வீட்ல அத போட்டுப் பாக்க மெஷினே இல்ல."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்துதான் தகரத்தைத் திறந்தேன். மேலே நான் சென்ற மாதம் கொடுத்த டிஸ்க். அதன் கீழே இன்னொன்று. சென்ற மாதத் தேதி; அவருடைய கையெழுத்து. 'கிள்ளான்காரர். நகல். ஐந்தாம் விதி மீறப்பட்டது.' அதற்கும் கீழே ஒன்று, அதற்கு முந்தைய மாதத்தது. அதற்கும் கீழே ஒன்று. கண்டனத்தைத் தானே எழுதி ஒப்பமிட்ட மனிதர், அதன் பிறகும் மாதம் தவறாமல் மீறிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் மறுபடி எப்போதாவது கோபித்துக்கொண்டு என் டிஸ்க்கைக் கேட்டு வருவேன் என்று தெரிந்து வைத்திருந்தார்.

அவருடைய டிஸ்க் என் மேல் அடுக்கில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். தூக்கிப் போடவும் மாட்டேன். ஆனால் சனிக்கிழமை மாலை அதற்கு ஒரு நகல் எடுத்தேன். நானும் ஐந்தாம் விதியை மீறிவிட்டேன். டிரைவ் அதே மாதிரி கர் கர் என்று ஓடியது. இப்போது அவருடையதும் என்னுடையதும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒன்றைக் கொண்டு போய் வைக்க இன்னொரு வீடு எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். சாப்பாட்டுக் கடைக்காரர் மாடிச் சாவியைக் கொடுத்தார். குறிப்பேடு மேசை மேல் இருந்தது. கணினியின் டிரைவில் அட்டை செருகியிருந்தது. பத்து மணி ஆகும்வரை காத்திருந்து, அவர் எழுதிய கடைசி வரிக்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன். விதிப்படி கூட்டம் நடத்த முடியாது என்று தெரியும். ஐயா, இந்த ஒரு முறை எழுத விடுங்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். பல்பு எரிகிறது.

'வருகை ஒருவர். செயலாளர் திரு. அருளம்பலம் அவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம். முன்மொழிந்தவர்: கிள்ளான்காரர். வழிமொழிய ஆள் இல்லை. தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.'