கண்ணற்றது என்றொரு மரபணு

அக்காவின் மகனுக்கு இரண்டு கருவிழியும் முழுக்கக் கறுப்பு. நடுப்புள்ளியைச் சுற்றி எல்லோருக்கும் இருக்கும் பழுப்பு வளையம் அவனுக்கு இல்லை. வெளிச்சம் பட்டால் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அழுவான். மரபணுவில் கோளாறாக இருக்கலாம் என்று கண் டாக்டர் குழந்தை, அக்கா, மச்சான் மூவரிடமும் ரத்தம் எடுத்தார்.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவை மூன்றாம் மாதம் மாமியார் வீட்டார் வந்து கூட்டிப்போக வேண்டும். வரவில்லை. "ரிப்போர்ட்டு வரட்டுங்க, பாக்கலாம்" என்று தொண்டாமுத்தூரிலிருந்து போன் மட்டும் வந்தது.

கெடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் பழ ஈ வளர்க்கிறேன். "எம்மெஸ்ஸி படிக்கப் போயிப்போட்டு ஈ வளத்தறானுங்க" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும். டாக்டர் சொன்ன மரபணு எனக்குத் தெரிந்ததுதான். குழந்தையைப் பார்க்க வந்த அக்காவின் மாமியாரிடம் ஆர்வக்கோளாறில் சொல்லிவிட்டேன்.

"அதுக்கு ஈயில கண்ணற்றதுன்னு பேருங்க அத்தை."

"அப்பப் பையனுக்குக் கண்ணே தெரியாதா? மறைக்கறீங்களா?"

"இல்லீங்க. அது கண்ணை உண்டாக்கற ஜீனுங்க. அது கெட்டுப்போன ஈக்குக் கண்ணில்லாம இருந்துச்சு, அதை வெச்சுப் பேரு வெச்சுட்டாங்க."

"செய்யற வேலைக்கு நேரெதிராப் பேரு வெப்பாங்களா கண்ணு? யாருகிட்டக் கதை உடறே?"

அதன்பிறகு இரண்டு வீட்டிலும் பேச்சு ஒன்றுதான்: யார் பக்கத்து வினை? எனக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்தவர் தென்னந்தோப்பிலேயே உழைத்த அப்பா எப்போதும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பார். கட்டிலில் படுத்திருந்தவர் முகத்தில் போன் டார்ச்சை அடித்தேன். "என்றா பண்றே, எழவு!" என்று கையைத் தட்டிவிட்டார். வளையம் இருந்தது. அடுத்து மாமியார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. ஆபரேஷன் நிஜம்தானா? பெற்றவர்களைத் தாண்டிப் பேரனுக்கு வருகிற கோளாறு இல்லை இது; அக்கா, மச்சான் இருவர் கண்ணும் நன்றாக இருந்ததை நானே பார்த்திருந்தும் இப்படியெல்லாம் யோசித்தேன்.

ரிப்போர்ட் என் போனுக்குத்தான் வந்தது. கோளாறு அக்காவிடம் இல்லை, மச்சானிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாக உண்டானது. மூன்று முறை படித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"நெசமாவே அப்படித்தான் போட்டிருக்குதா? இல்ல, எனக்காகச் சொல்றியாடா?"

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். அவளிடம் எதைக் காட்டி நிரூபிப்பது?

மறுநாள் காந்திபுரத்தில் பஸ் ஏறித் தொண்டாமுத்தூர் போனேன். மாமியாரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. "நீ படிச்சா உங்கக்காளுக்குத் தோதாத்தானே கண்ணு படிப்பே?" பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டார். "அம்மணி, இதை நீ படி. இந்தத் தம்பி மூஞ்சியப் பாக்காமப் படி."

நர்ஸ் படித்துவிட்டு, "ரெண்டு பேருகிட்டயும் இல்லீங்க. புதுசா வந்திருக்குது. அவங்கமேலயும் தப்பில்ல, இவங்கமேலயும் தப்பில்ல" என்றார்.

மாமியார் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். "ஆருமேலயும் இல்லீன்னா அப்புறம் எப்படித்தான் வரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வெயில் எறங்குன பொறவு வாரோம். துணிமணி எடுத்து வெக்கச் சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கிய பிறகு என்றால், குழந்தைக்குக் கண் கூசும் என்றா? இல்லை, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்றா? அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். அவள் குழந்தைத் துணிகளை மடித்தபடி, "கூசும்னு அத்தைகிட்ட நாந்தான் போன்ல சொன்னேன்" என்றாள். நம்பிச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

சொன்னபடி வந்தார்கள். மாமியார் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து முந்தானையை இழுத்துவிட்டார். வெளிச்சத்துக்கா, அக்கம்பக்கத்தாருக்கா, எவ்வளவு தூரம் மூடுகிறார் என்று கார் கதவுவரை எட்டி எட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து கண்வரைக்கும்தான் மூடியிருந்தது. வாயும் மோவாயும் வெளியே தெரிந்தன.