தேய்த்தும் போகாத கருப்பு

என் பின்கழுத்து கருத்தபோது அதை வேலையின் அழுக்கு என்றே நினைத்தேன். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து அடைப்பவன் நான். தோல் மடிப்பில் கரித்தூள் தங்குவது எங்களுக்குப் புதிதல்ல. தேங்காய் நாரும் சோப்பும் போட்டு எரிய எரியத் தேய்த்தேன். போகவில்லை.

மனைவியின் தம்பி முனியசாமி என்னோடு வேலை பார்ப்பவன். "கழுத்துலயே ஒரு கம்பெனி நடத்துறீக போல மச்சான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் பல மாதம் துண்டு போட்டு மறைத்தேன். உங்களுக்கும் கழுத்திலோ அக்குளிலோ இப்படிக் கருத்துத் தடித்தால் மறைக்காதீர்கள்.

கடைசியில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னபோது கூசிப்போனேன். ரத்தம் சோதித்துவிட்டு, இது அழுக்கல்ல, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம் என்றார் (இன்சுலின் சுரந்தும் உடம்பு அதன் சொல்லைக் கேட்காத நிலை). சர்க்கரை நோய்க்கு ஒரு படி முன்னால் நின்றேன். அரிசியையும் எடையையும் குறைக்கச் சொன்னார். என் வேலையைக் கேட்டதும் குனிந்து பாதங்களைப் பார்த்தார்.

"சர்க்கரை முழுசா வந்து கால் மரத்துப்போச்சுன்னா, செருப்பில்லாம நடக்கக் கூடாது அண்ணாச்சி."

வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போக முடியாது. உரசினால் தீப்பொறி வரும். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

பஸ்ஸில் திரும்பும்போது பழைய தீபாவளி சீசன்கள் நினைவுக்கு வந்தன. லோடு ஏறும் சாயங்காலங்களில் கம்பெனி செலவில் எண்ணெய்ப் பரோட்டா வரும். அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, வட்டமாக உட்காருவோம். பொட்டலம் பிரியும்போது சால்னா வாசனையில் வெடிமருந்து வாசனை காணாமல் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூச்சத்தால் யாரிடமும் பேசமாட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறவன் என்றுதான் என்னைக் கவனித்தார்கள். "அவனுக்கு இன்னும் ரெண்டு வைலே" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். அப்போது லோடும் ஏற்றினேன், செரித்தது. உட்கார்ந்த வேலைக்கு மாறிய பிறகும் அதே அளவுதான் சாப்பிட்டேன்.

அரிசியைக் குறைத்தேன். அந்த இடத்தைக் கறியாலும் முட்டையாலும் நிரப்பினேன். அடுத்த முறை எடை கூடியிருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கறியும் பருப்பும் செரித்து அமினோ அமிலங்கள் ஆகின்றன (புரதத்தின் சிறு துண்டுகள்). பருத்த உடம்பு அவற்றில் சிலவற்றைச் சரியாக எரிப்பதில்லை. அவை ரத்தத்தில் தேங்கி, கொழுப்போடு சேர்ந்து இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டலாம் என்றார். கறி விஷமில்லை, தேவைக்கு மேல் எது தின்றாலும் இதே கதைதான் என்றும் சொன்னார்.

சீசன் வந்தது. பரோட்டா எனக்கு வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை. வேலைக்குத் திருத்தங்கலுக்கு பைக்கில் போகும்போது முனியசாமியின் முதுகைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பொட்டலம் பிரித்ததும், "மச்சானுக்கு ஒண்ணு போதும். மிச்சத்த இங்கன தள்ளுங்க, நான் இன்னும் கெட்டுப்போகல" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து, அவர்கள் எழும்வரை சாப்பிட்டேன்.

சீசன் முடிந்து டாக்டரிடம் போனபோது சர்க்கரை ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்து அறைக்குப் போகலாம், ஆனால் பாதங்களைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

குனிந்தால் இன்னும் எனக்கு வயிறு மறைக்கிறது. என் உள்ளங்காலை மனைவிதான் பார்க்கிறாள். "கூச்சப்படாம நீட்டுங்க" என்று மடியில் எடுத்து வைத்து, மரத்திருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்கிறாள். முன்பெல்லாம் சாயங்காலம் என்றால் எனக்குப் பசி. இப்போது கண்ணை மூடிக்கொண்டு அவள் விரல் எங்கே படுகிறது என்று காத்திருக்கிறேன். இத்தனை வருடம் நடந்த காலில் இவ்வளவு இடங்கள் இருப்பது எனக்குத் தெரியாது.

"இங்கன தெரியுதா?"

"தெரியுது."

அவள் அடுத்த விரலுக்குப் போகிறாள்.