கூமாப்பட்டி வயலில் ஆறு படங்கள்

"மாமா, நீங்க மாத்துன கம்பி தப்பு." தொண்ணூற்று நான்காம் வருடம் தை அமாவாசையன்று, இராஜபாளையத்திலிருந்து கூமாப்பட்டிக்குப் போய் வந்த ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டரில் நான் சொல்லாத வாக்கியம் இதுதான்.

போனது ஓரியன் நெபுலாவைப் படம் பிடிக்க. வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் வாளில் மங்கலாகத் தெரியும் ஒளிமுகில் அது. எங்கள் மொட்டைமாடியில் மில் விளக்குகள் வானத்தை வெளுத்துவிடுகின்றன. அமாவாசை இருட்டு வேண்டுமென்றால் மலையடிவாரம்தான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: "மாமா கூட வந்தா போ. இல்லன்னா மாடியோட நிறுத்திக்க."

ஞானராஜ் மாமா அம்மாவின் தம்பி, நூற்பாலையில் ஃபிட்டர். அவர் பொருத்திய குழாயில் தண்ணீர் கசிகிறது என்று ஒரு வீட்டார் சொன்னதற்காக அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். பூமி சுழல்வதால், கேமராவைச் சும்மா வைத்துத் திறந்தால் அரை நிமிடத்துக்குள் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். அதற்காக இரண்டு பலகைகளைக் கதவுக்கீலால் இணைத்திருந்தேன். கீலைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நீட்டி, கீழ்ப்பலகையில் உள்ள திருகுக்கம்பியைத் திருப்பினால், மேல்பலகையும் அதன் மேலிருக்கும் கேமராவும் வானத்தோடு நகரும். கம்பி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும், கீலிலிருந்து 22.9 செ.மீ. தள்ளித் துளை; நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதாவது பதினைந்து விநாடிக்குக் கால் சுற்று; திருப்பப் போகிற மாமாவிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தேன்.

மாலை 4.10-க்கு டவுன் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் 25 நிமிடம், ஒன்றரை ரூபாய்; அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டிக்கு வேறு பஸ். ஏறி உட்கார்ந்ததும் மாமா பலகையை மடியில் வைத்துத் தட்டினார்.

"பழைய கம்பி துருப்பிடிச்சுக் கெடந்துச்சுட்டி. நட்டோட மாத்திட்டேன். பழைய இங்கிலீஷ் மெஷின்ல கழட்டுனது. உன் பேரப்பிள்ள காலம் வரைக்கும் ஓடும்."

ஸ்கேலை வைத்துக் கம்பியின் மரைகளை, அதாவது திருகு வரிகளை, எண்ணினேன். அங்குலத்துக்கு இருபது. என்னுடைய பழைய கம்பியில் இருபத்தைந்து இருந்தது. புதியது சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர் ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் கேமரா நட்சத்திரங்களை முந்தி ஓடும். சொன்னால் மாமா ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கித் திரும்பிவிடுவார். மாமா இல்லையென்றால் கூமாப்பட்டி இல்லை. இனி எந்த அமாவாசைக்கும் இல்லை.

எனவே டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு 76 விநாடி. பத்தொன்பது விநாடிக்குக் கால் சுற்று. நான் மனதுக்குள் எண்ணிக் குரல் கொடுக்க, மாமா அதற்குத் திருப்பினால் போதும். இப்படி ஒரு தீர்வைக் கண்டுபிடித்ததில் வத்திராயிருப்பு வரை எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மாமாவின் சிநேகிதர் வயல், கூமாப்பட்டி நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. மேற்கே மலை மறைத்தாலும் வடக்கு திறந்திருந்தது. இந்தப் பக்கம் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒன்பதரை டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறத்தாழ அந்த உயரம். வெளிநாட்டுப் புத்தகங்களில் கீல் பாதி நிமிர்ந்து நிற்கும். நம் ஊரில் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். பயப்பட வேண்டாம்.

7.40-க்கு முதல் படம். டார்ச்சை அணைத்தோம். படத்துக்கு ஐந்து நிமிடம், பதினாறு முறை கால் சுற்று.

"ம்," என்றேன்.

"திருப்பியாச்சு," என்றார் மாமா, சற்று வேகமாகவே.

நான்கு படம் இப்படியே போனது. ஐந்தாவதின் நடுவில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து, பம்ப்செட் வாசலில் இருந்த குண்டு பல்பு முகத்திலடித்தது. மோட்டார் போட வந்த பக்கத்து வயல்காரர், பல்பை அணைத்துவிட்டு எங்களருகே வந்து குத்தவைத்தார்.

"டேமுக்கு அளக்க வந்திருக்கியளா?"

"இல்லவே. நட்சத்திரத்த போட்டோ எடுக்கோம்."

"அது ஓடியா போகுது? பகல்ல வந்து எடுக்கலாம்லா?"

மாமா கொதித்துவிட்டார். ஆறாவது படம் முழுக்க அவருக்குப் பூமி சுற்றுவதைப் பற்றி வகுப்பெடுத்தார். நான் "ம்" என்னும்போதெல்லாம் கை மட்டும் திருப்பியது. 9.20 கடைசி பஸ்ஸில் திரும்பினோம்.

ஃபிலிமை மதுரையில் கழுவி ஸ்லைடுகளாக்கி வர இரண்டு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அவற்றை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். நான்கில் கோடு. ஐந்தாவது வெள்ளை. ஆறாவதில் மட்டும் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக, நடுவே ரோஜா நிறத்தில் நெபுலா.

"நீ பிந்திப் பிந்திச் சொன்னேட்டி. உன் வாட்ச்சு செத்துப்போச்சோன்னு பாவப்பட்டு, நான் என் ரேடியம் வாட்ச்சப் பார்த்துக் கரெக்டா பதினஞ்சுக்குத் திருப்பினேன். கடைசியிலதான் அந்தாளு பேச்சுல உன் சொல்லுக்குத் திருப்பிட்டேன்."

அப்போதுதான் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் மரைகளை நகத்தால் எண்ணினார். முகம் சிவந்தது.

"தப்பு என் மேலதான். அத அங்கனயே சொல்லியிருக்கலாம்லா? கைட்ரில் பைக்குள்ளதான் கெடந்துச்சு. துளைய ஆறு சென்டி தள்ளிப் போட ரெண்டு நிமிசம் ஆகாது. என்ன பாத்தா பயமாட்டி இருக்கு?"

அம்மாவிடம், "இனி அவகூட நான் போகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிறவர்களுக்கு: கிளம்புமுன் மரையை எண்ணுங்கள். அங்குலத்துக்கு இருபது என்றால் துளை 29.1 செ.மீ.-இல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால், தின்ற கையோடு லென்ஸைத் தொடாதீர்கள். கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று வயல்காரரிடம் முன்பே கேளுங்கள். திருப்புகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவரைப் பத்திரமாகக் கையாளுவதாக நினைத்துக்கொண்டுதான் நான் நான்கு படங்களைக் கெடுத்தேன்.

மாமா நான்கு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து பலகையை வாங்கிப்போய், 29.1-இல் துளை போட்டுத் திருப்பித் தந்தார். மாசி அமாவாசைக்குக் கூமாப்பட்டி போனபோது எண்ணும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார், திருப்பியது நான். ஆறில் ஐந்து தேறின.